நக வகுப்பில் வந்த பல்செட் வாசனை

முதலில் என் கையெழுத்துக்காகவும் பிழைகளுக்காகவும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கே சின்ன ‘ர’ போடுவது, எங்கே பெரிய ‘ற’ போடுவது என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். மகள் கௌரி கல்லூரிப் படிப்பை முடித்தவள். ஆனால் இங்கே வங்காளத்திலேயே வளர்ந்ததால், வங்காள எழுத்தில் ஓடும் அவள் கை தமிழ் எழுத்தில் நொண்டும். அதனால் என் மனைவி செல்விதான் இந்தத் தாள்களை ஒருமுறை பார்த்துக் கொடுத்தாள். அவள் கண்ணுக்கும் தப்பியது ஏதாவது இருந்தால் அது என்னுடையது.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் போன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் சாப்பாட்டில் கௌரியின் வகுப்பு விஷயத்தைச் செல்வி யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து மூன்று வீடுகளிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். “எங்க பொண்ணும் அக்ரிலிக் நகம் வைக்கக் கத்துக்கணும்னு நிக்கிறா. எந்த வகுப்புல சேக்கலாம்?” என்று கேட்கிறார்கள். போனில் பேச எனக்கு வராது. போன வாரம் ஒரு அம்மா வேகமாக என்னென்னவோ கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் “ஆமாம், ஆமாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. ‘அந்த ஒரு வார வகுப்பில் சேர்க்கலாமா’ என்று கேட்டதற்கும் ஆமாம் சொல்லியிருப்பேனோ? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. முதலில் அந்த அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நகம் வைப்பவன் அல்ல. பல்செட் செய்தவன். பவானிபூரில் ஒரு டென்டல் லேபில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அப்பா சாந்த்ராகாச்சி யார்டில் ரயில்வே கலாசி, பளு தூக்கும் தொழிலாளி. நாங்கள் இன்றும் அந்தப் பக்கம்தான் வாடகைக்கு இருக்கிறோம். இருபது வயதில் லேபில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் பிளாஸ்டர் கலக்குவதும் வாளி கழுவுவதும், அடுத்த இரண்டு வருடம் மெழுகு வேலை. அதற்குப் பிறகுதான் அக்ரிலிக்கைத் தொட விட்டார்கள். கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

லேபின் சொந்தக்காரர் நிர்மல் பாபு. ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. யாரையும் அவர் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாளி கழுவிக்கொண்டிருந்த என்னையும் “மொனி பாபு” என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் மணி. வங்காளிகள் வாயில் அது மொனி. திட்டவே மாட்டார். அதுதான் பயம். திட்டினால் முடிந்துபோகும் அல்லவா?

வேலை இப்படி. டாக்டர் அனுப்பும் அச்சில் கல் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் மாதிரியை எடுப்போம். அதன் மேல் மெழுகில் ஈறு கட்டிப் பல் அடுக்கி அனுப்புவோம். நோயாளி வாயில் போட்டுப் பார்த்துச் சரி என்று வந்தால், அதைப் பித்தளை அச்சுப் பெட்டியில் பிளாஸ்டரோடு புதைத்து வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றுவோம். மெழுகு இருந்த பள்ளத்தில்தான் அக்ரிலிக் போக வேண்டும். அக்ரிலிக் என்பது ஒரு பவுடரும் ஒரு லிக்விடும். பீங்கான் ஜாடியில் லிக்விட் ஊற்றி, பவுடரைத் தூவி, மூடி வைக்க வேண்டும். முதலில் ஈர மணல் போல இருக்கும். பிறகு குச்சியை எடுத்தால் பாகு மாதிரி நூல் இழுக்கும். அப்புறம் சப்பாத்தி மாவு போலத் திரண்டு ஜாடியை விட்டுக் கழன்று வரும். அந்த நேரத்தில்தான் அடைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ரப்பர் ஆகிவிடும், பிறகு குப்பைக்குத்தான்.

அடைத்து இறுக்கிய பெட்டியைத் தண்ணீரில் வேகவைப்பதில் அவசரம் கூடாது. முதலில் மிதமான சூட்டில் ஒன்றரை மணி நேரம், பிறகுதான் கொதி. அடுப்பை அணைத்த பின் அதே தண்ணீரில் தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் லிக்விடில் கொஞ்சம் கெட்டியாகாமல் உள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். வாய்க்குள் போனதும் கசிய ஆரம்பிக்கும். அதற்காகத்தான் மெருகு போட்ட பிறகும் பல்செட்டை ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போடுவோம்.

நிர்மல் பாபு பல்செட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொள்வார். வாசனை இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடியும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுவார். வங்காளத்தில் வாசனைக்கு ‘கொந்தோ’ என்பார்கள். நல்ல வாசனையும் அதுதான், கெட்ட நாற்றமும் அதுதான். எங்கள் லேபில் மட்டும் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்: உள்ளே லிக்விட் மிச்சம் இருக்கிறது, இது வெளியே போகக் கூடாது.

நான் சேர்ந்த ஒன்பதாவது வருடம் என்று நினைக்கிறேன். நிர்மல் பாபு ஒரு துக்க வீட்டுக்காக வெளியூர் போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மேல் வரிசை முழுவதற்கும் ஒரு பல்செட் சரிபார்த்து வந்தது. மறுநாள் அந்த அம்மாவின் மகனுக்குக் கல்யாண விருந்து. டாக்டர் நாலு முறை போன் செய்தார். “மொனி, சாயங்காலத்துக்குள்ள வேணும். பல் இல்லாம மருமகளை எப்படி வரவேற்பாங்க?” நாளை மாலை தருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் “ஆச்சா, சார்,” சரி சார், என்றேன். அடுப்பை முழுதாகத் திருப்பிவிட்டேன். கொதித்த பெட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றினேன். மெருகு போட்டுப் பொட்டலம் கட்டும்போது மூக்கில் சுள்ளென்று ஏறியது. வாங்க வந்த ஆள் வாசலில் நின்றான். கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நிர்மல் பாபு வந்ததும் டாக்டரின் போன் வந்தது. அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. “மொனி பாபு, வாங்க,” என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். வீட்டில் இன்னும் கல்யாணப் பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாஷிமா, எங்கள் பக்கம் சொன்னால் பெரியம்மா வயசு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினார். மேலண்ணம் முழுவதும் தோல் உரிந்து செக்கச் சிவப்பாக இருந்தது. இரண்டு இடத்தில் வெள்ளையாகப் புண். பேச்சு குழறியது. “புதுச் செருப்பு கடிக்கிற மாதிரின்னு நினைச்சேன் பாபா. விருந்து முழுக்கப் போட்டிருந்தேன். போட்டோவுல சிரிச்சிருக்கேன் பாருங்க,” என்றார். என் மேல் கோபமே இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

நிர்மல் பாபு “இது எங்கள் லேபின் தப்பு” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

“கொந்தோ இருந்ததா?”

“இருந்தது.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் சொல்லல.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் ஆரம்பித்தது. ஒவ்வொரு பல்செட்டும் லேபை விட்டுப் போகும்முன் நிர்மல் பாபு அதை என் மூக்கருகே நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி “மொனி பாபு, கொந்தோ?” என்பார். நான் ‘நேய்’ என்றோ ‘ஆச்சே’ என்றோ, இல்லை என்றோ இருக்கிறது என்றோ, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெல்லச் சொன்னால் காது கேட்காதவர் போல மறுபடியும் கேட்பார். வாசலில் வேறு டாக்டர்களின் ஆட்கள் நின்று சிரிப்பார்கள். முதல் ஒரு வருடம் அந்த நேரம் வந்தாலே எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். பிறகு பழகிவிட்டது. நான் வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசியது அந்த வார்த்தையை மட்டும்தான்.

பதினைந்து வருடம் அந்த லிக்விட் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு விரல் நுனிகள் வெடிக்க ஆரம்பித்தன. பல வருடம் சோப்பு என்றே நினைத்தேன். பிறகு அரிப்பு, பிறகு நுனியில் மரத்துப்போதல். சட்டைப் பொத்தான் போடும்போது பொத்தானைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். முதுகில் மருந்துப் பட்டை ஒட்டிப் பார்த்த தோல் டாக்டர், “உங்களுக்கு அக்ரிலிக் லிக்விட் ஒத்துக்கொள்ளாது. இனி வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாது,” என்றார். பல் அடைக்கும்போதும் சொல்ல வேண்டும், எலும்பு ஆபரேஷன் என்றாலும் சொல்ல வேண்டுமாம். லேபிலும் அப்போது கம்ப்யூட்டரில் பல் வரைந்து மெஷினில் அச்சடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஐம்பத்திரண்டாவது வயதில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது கௌரி விஷயம். அவள் பி.காம். முடித்து எட்டு மாதம் ஒரு ஆபீசில் போனில் பேசும் வேலை பார்த்தாள். பிடிக்கவில்லை. பூஜை நாட்களில் தெருவில் கோலம் போடக் கூப்பிடுவார்கள், கைக்கு மருதாணி போடக் கூப்பிடுவார்கள், அவ்வளவு நுணுக்கமான கை. நகம் வைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். தேடிப் பார்த்து இரண்டு வகுப்புகளைப் பிடித்து வைத்திருந்தாள். ஒன்று பவானிபூரில் ஏழு நாள் வகுப்பு. முடிந்ததும் சான்றிதழும் ஒரு பை நிறையச் சாமானும். இன்னொன்று லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டில் நடப்பது, நாற்பத்தைந்து நாள்.

“ஏழு நாள்ல முடியறதை யாராவது நாப்பத்தஞ்சு நாள் படிப்பாங்களா?” என்றாள் கௌரி. பவானிபூரில் திங்கட்கிழமைக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும். “ஒருநாள் இலவசமா பாக்கலாமாம். யாராவது கூட வாங்க,” என்றாள். செல்விக்கு முழங்கால் வலி. நான் போனேன்.

வியாழக்கிழமை பதினோரு மணி. இரண்டாம் மாடி. முதல் மாடித் திருப்பத்திலேயே எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்த வாசனை. நான் என் லேபின் படியில் ஏறுகிறேனோ என்று ஒரு நொடி தோன்றியது. கண் கரித்தது. “என்னப்பா, மூச்சு வாங்குதா?” என்றாள் கௌரி. “இல்ல, ஒண்ணுமில்ல.”

ஏசி போட்ட சின்ன அறை, ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. நீள மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். யாருக்கும் முகமூடி இல்லை. சொல்லிக்கொடுப்பவர் மௌ மேடம், முப்பது வயதுக்குள் இருக்கும், கலகலவென்று பேசுகிறவர். மூன்று விரல் நுனிகளில் பேண்டெய்டு ஒட்டியிருந்தார். அரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். என்னை வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மௌ மேடம் தூரிகையை லிக்விடில் நனைத்துப் பவுடரைத் தொட்டார். தூரிகை நுனியில் பனித்துளி போல ஒரு உருண்டை திரண்டது. அதை பீட் என்கிறார்கள். கௌரி திரும்பி என்னைப் பார்த்து, “பீட்னா மணிதானேப்பா, உங்க பேருதான்!” என்று சிரித்தாள். பல்செட்டுக்கு ஜாடி நிறையக் கலக்குவதை இங்கே துளி துளியாகச் செய்கிறார்கள், வேறு வித்தியாசம் இல்லை. லிக்விட் புட்டியைப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக், சிவப்பு மூடி. மேலே ஒரு எழுத்தும் இல்லை.

நகத்துக்கு வைப்பதற்கும் பல்செட்டுக்கு வைப்பதற்கும் வேறு வேறு லிக்விட் உண்டு என்று லேபில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பல்செட் லிக்விட் நகத்துக்கு ஆகாது. கல்லாக இறுகிவிடும். எங்காவது இடித்தால் ஒட்டு நகம் உடையாது, அடியில் இருக்கும் சொந்த நகம்தான் பிய்ந்து வரும். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் என் கதிதான். ஆனால் இது அதுதானா? வாசனையை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? என் மூக்குக்கு வயதாகிவிட்டது. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

“புதுப் பொண்ணு, வா, ஒரு விரல்ல வெச்சுப் பாக்கலாம்,” என்று மௌ மேடம் கௌரியின் வலது கை மோதிர விரலைப் பிடித்தார். அரத்தால் நகத்தைப் பரபரவென்று தேய்த்தார். தூரிகையில் உருண்டை திரண்டது. விரலை நோக்கி வந்தது.

“கொந்தோ ஆச்சே!”

அது என் குரல்தான். லேபில் சொல்வதுபோல முழுச் சத்தத்தில் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது.

“காகு, வாசனை இல்லாம எப்படி? இது பார்லர், ரசகுல்லாக் கடை இல்ல,” என்றாள் ஒருத்தி. காகு என்றால் சித்தப்பா.

“ஏய், காகுவுக்காக ஸ்பிரே அடிங்கடி!” இன்னொருத்தி ரோஜா வாசனைப் புட்டியை எடுத்து என் தலைக்கு மேல் அடித்தாள்.

விளக்கம் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் “தாந்தேர் லிக்விட்,” பல்லுக்கான லிக்விட், என்று வாய்க்குள் முனகினேன். யாருக்கும் கேட்கவில்லை. கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்துவிட்டது. உருண்டை நகத்தில் உட்கார்ந்தது, தூரிகை அதை அழுத்தி நீவியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாருக்கும் ஒரு காகிதத் துண்டு கொடுத்து ஒரு பீட் வைத்துப் பழகச் சொன்னார்கள். கௌரியின் பீட் கோணலாக வந்தது. முதல் பீட் என்று அதைக் காகிதத்தோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு, “இனி எங்கயும் என் கூட வராதீங்கப்பா,” என்றாள். நான் லிக்விட் விஷயத்தைச் சொன்னேன். “டாக்டர் உங்களுக்குத்தான் அலர்ஜின்னார். எனக்குச் சொல்லல. உங்களுக்கு எதைப் பாத்தாலும் லேப் வாசனைதான் அடிக்குது,” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் படுத்தியது.

சனிக்கிழமை செல்வி வற்புறுத்தி லேக் கார்டன்ஸுக்கும் அனுப்பினாள். ஷர்மிளாதி என்பவர் தன் வீட்டு முன்னறையில் வகுப்பு எடுக்கிறார். ஐம்பது வயது, கண்டிப்பானவர். ஜன்னல் திறந்திருந்தது, மேசையோரம் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன். ஆனால் உள்ளே நுழைந்ததும் நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். இங்கேயும் வாசனை! கொஞ்சம் மாறுதலாக இருந்ததோ, அல்லது காற்றோட்டத்தால் அப்படித் தோன்றியதோ. என் மூக்கை நம்பி மகளை ஒரு இடத்தில் சேர்க்கவோ நிறுத்தவோ முடியாது என்று அப்போது தெரிந்தது.

“முதல் பத்து நாள் ரப்பர் கையிலதான். மனுஷக் கையைத் தொடவே விட மாட்டேன்,” என்றார் ஷர்மிளாதி. கௌரி முகம் தொங்கிவிட்டது. நான் அவள் காதில் ஒன்றைச் சொன்னேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “அப்பாவுக்கு ஒரு பீட் வேணுமாம். காகிதத்துல.”

“எதுக்கு? ஜபம் பண்ணவா?” என்றார் ஷர்மிளாதி. ஆனாலும் வைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹோமியோபதி மருந்து வந்த மூன்று சின்னக் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிக் காயவைத்தேன். பெயிண்ட் கடையில் வாங்கிய அசிட்டோனை மூன்றிலும் ஒரே அளவு ஊற்றினேன். நகத்து அக்ரிலிக் அதில் அரை மணியில் இளகிவிட வேண்டும், பல்செட் அக்ரிலிக் அப்படி இளகாது. ஒன்றில் என் பழைய பெட்டியில் கிடந்த பல்செட் துண்டு. ஒன்றில் ஷர்மிளாதி கொடுத்த பீட். இன்னொன்றுக்குக் கௌரியின் பீட் வேண்டும்.

“என் முதல் பீட்ப்பா அது,” என்றாள். பிறகு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

“சமையக்கட்டுல என்ன ரசாயனம்? சாம்பார்ல விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்று செல்வி ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பையும் அணைத்தாள். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம், ஒன்றும் ஆகவில்லை. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டும் ஒரே லிக்விட்தானா? இரண்டும் கெட்டதா? அல்லது நான்தான் வீணாக ஒரு பெண்ணின் ஆசையில் மண் போடுகிறேனா? இருபத்தைந்து நிமிடத்தில் கௌரி வந்து பின்னால் நின்றாள்.

அரை மணிக்குப் பல்குச்சியால் குத்தினேன். ஷர்மிளாதியின் பீட் ஊறிய ஜவ்வரிசி போல நசுங்கியது. கௌரியின் பீட் மேலே மட்டும் பிசுபிசுத்தது. உள்ளே குச்சி இறங்கவில்லை, டிக் டிக் என்றது. பல்செட் துண்டும் டிக் டிக். இன்னொரு அரை மணி விட்டுப் பார்த்தோம், அப்படியேதான்.

“தடிமன் வேற வேறயா இருக்கலாம்ல?” என்றாள் கௌரி. இருக்கலாம். கோர்ட்டில் நிற்கிற சாட்சி இல்லை இது. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் குச்சியை வாங்கித் தானே மூன்றையும் குத்திப் பார்த்தாள். பிறகு தன் மோதிர விரலைப் பார்த்தாள். “இதை எப்படிப்பா எடுக்கறது?” என்று கேட்டபோது குரல் சின்னதாகிவிட்டது.

நெம்பாதே, இழுக்காதே என்றேன். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அக்ரிலிக்கில் அரம் பிடிப்பது முப்பது வருடத் தொழில்தான். ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்பது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும், என் நுனிக்குத் தெரியாது. பிறகு ஷர்மிளாதிதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேய்த்து எடுத்தார். அடியில் சொந்த நகம் காகிதம் போல மெலிந்து வெள்ளைத் திட்டுகளாக இருந்தது.

“மௌ மேடத்துக்கு வரலைன்னு மெசேஜ் போட்டுடறேன்,” என்றாள் கௌரி.

“போடாத. நான் நேர்ல போய்ச் சொல்லிட்டு வாறேன்.”

செல்வி கரண்டியோடு வந்து நின்றாள். “நீங்களா? பால்காரன்கிட்ட அரை லிட்டர் கூடக் கேக்க என்னைத்தான் அனுப்புவீங்க.”

அது உண்மைதான். ஆனால் வரவில்லை என்று சொல்லி நாங்கள் ஒதுங்கிக்கொண்டால் மற்ற ஆறு பேர் அங்கேயே இருப்பார்கள். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் யாரிடமும் இல்லை என்று இன்னொரு முறை சொல்ல என்னால் முடியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கே போய்விட்டேன். மௌ மேடம் தனியாக மேசை துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே மனப்பாடம் பண்ணிய மாதிரி சொல்லிவிட்டேன்: நான் பல்செட் செய்தவன், இந்த லிக்விட் பல்செட் லிக்விட் என்று சந்தேகப்படுகிறேன், புட்டியில் பெயர் இல்லை, வாங்கிய இடத்தில் கேளுங்கள். அவர் முகம் மாறியது.

“உங்களை யார் அனுப்பினது காகு? லேக் கார்டன்ஸ்காரங்களா?”

“யாரும் இல்ல.”

“மார்க்கெட்ல எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க. இது உடையாது. கஸ்டமருக்கு உடையாததுதான் வேணும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களும் இதுலதான் சொல்லிக்கொடுத்தாங்க.”

வாதாட எனக்குத் தெரியாது. என் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தேன். வெடித்த நுனிகளை அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தன் ஆள்காட்டி விரலில் இருந்த பேண்டெய்டை மெல்ல உரித்தார். அரம் பட்ட காயம் இல்லை அது. தோல் தடித்து, குறுக்கே வெடித்து, நகத்தின் ஓரம் தூக்கி நின்றது.

“பாத்திரம் தேய்க்கிற சோப்புன்னு நினைச்சேன்,” என்றார். “ஆறு மாசமா இருக்கு. இதுக்கு நீங்க என்ன மருந்து போட்டீங்க காகு?”

சொல்லத்தான் நான் போயிருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயாராகப் போகவில்லை. மருந்தால் தீராது, லிக்விடைத் தொடாமல் இருந்தால்தான் தீரும் என்றேன். மெல்லிய ரப்பர் கையுறை போட்டாலும் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும் என்றேன். தோல் டாக்டரிடம் போனதும் தொழிலைச் சொல்லுங்கள், அதைத்தான் நான் மூன்று வருடம் சொல்லாமல் விட்டேன் என்றேன். “பதினோரு மணிக்குப் பொண்ணுங்க வந்துடுவாங்களே,” என்றார் அவர். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

படியில் இறங்கும்போது அந்தப் பெண்கள் ஏறி வந்தார்கள். என்னை அடையாளம் கண்டு ஒருத்தி கேட்டாள், “என்ன காகு, இன்னைக்குக் கொந்தோ?”

“ஆச்சே,” என்றேன், சத்தமாகவே. மறுபடியும் சிரித்துக்கொண்டு ஏறிப் போனார்கள். மௌ மேடம் அன்றைக்கு என்ன செய்தார், புட்டியை மாற்றினாரா, எனக்குத் தெரியாது.

போன் செய்த பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எத்தனை நாள், என்ன சான்றிதழ் என்று கேட்பதற்கு முன்னால் லிக்விட் புட்டியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத புட்டி இருக்கும் வகுப்பு வேண்டாம். வைப்பதை மட்டுமல்ல, வைத்த நகத்தை எடுப்பதை எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஜன்னல் திறக்குமா என்று பாருங்கள். சொல்லிக்கொடுப்பவரின் விரல் நுனிகளையும் பாருங்கள். போனில் நான் ஆமாம் சொன்ன அந்த அம்மாவுக்கு: அந்த ஆமாமைத் தயவுசெய்து கணக்கில் எடுக்க வேண்டாம்.

கௌரி ஷர்மிளாதியிடம் சேர்ந்துவிட்டாள். ஆனால் அவர் உடனே லிக்விடைத் தொட விடவில்லை. “உன் அப்பாவுக்கு இருக்கு. உனக்கும் வருமான்னு அந்த விரலைப் பத்துப் பதினைஞ்சு நாள் பாரு. அதுவரை அரம், கோணம், ரப்பர் கை, அவ்வளவுதான்,” என்றார். அதனால் தினமும் காலையில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் மோதிர விரலைப் பார்க்கிறேன். சிவப்பு இருக்கிறதா, நீர்க் கொப்புளம் இருக்கிறதா, நகத்தோரம் தடித்திருக்கிறதா என்று. தொட்டுப் பார்த்தால் எனக்குத் தெரியாது என்பதால் கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் பார்ப்பேன். “டாக்டர் பாபு, ஓபிடி திறந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுவாள்.

இன்று பதினாறாம் நாள். நகத்தில் வெள்ளைத் திட்டு கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கிறது. தோல் சுத்தமாக இருக்கிறது. “அரிக்குதா?” என்றேன். “இல்லப்பா.” “மரத்துப்போன மாதிரி?” “இல்லவே இல்ல. இன்னைக்கு லிக்விட் தொடலாம்னு சொல்லியிருக்காங்க. விடுங்க, லேட்டாவுது,” என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

எனக்கும் முதல் பதினைந்து வருடம் சுத்தமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையும் பார்ப்பேன்.

சாந்த்ராகாச்சி,
மாசி மாதம் ஒன்பதாம் தேதி, காலை.